லைன்லயே இருங்க

பெரியவன் வகுப்புக்குப் போவதில்லை என்பது அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். அவன் தங்கைக்கு.

போன வாரம் பல் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்பும் வழியில், பஸ் ஸ்டாண்ட் பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாளே, அன்றிலிருந்து. மடியில் பை. சீருடைக்கு மேல் வேறொரு சட்டை. பஸ்கள் வந்தன, போயின. அவன் எதிலும் ஏறவில்லை.

"வகுப்புக்குள்ள போய் உக்காந்தா மூச்சு அடைக்குது. அதான் இங்க வந்து உக்காந்துக்கறேன். யார்கிட்டயும் சொல்லிடாத. என் மேல சத்தியம் பண்ணு."

பண்ணிவிட்டாள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். எந்த விஷயமும் அவள் வாயில் ஒரு மணி நேரம் தங்கியதில்லை. இது மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றுவிட்டது.

அப்பாவிடம் சொல்லலாம் என்றால், லிப்ட் மெக்கானிக்கான அந்த மனிதருக்கு எல்லாமே சிரிப்புதான். முந்தாநாள் பெரியவன் பாதித் தட்டோடு எழுந்தபோது, "துரைக்கு என்ன கவலையாம்? பொண்டாட்டி பிள்ளைகளை இவன்தான் காப்பாத்தறானா?" என்றார். பெரியவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் வாலுவுக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

இன்று காலை அது இன்னும் கூடிவிட்டது.

பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் பெரியவன் தன் ஹெட்போனைக் கொண்டு வந்து அவள் பைக்குள் வைத்தான். கேட்டால் கையைக் கடிக்க வருவானே, அதே ஹெட்போன்.

"எதுக்கு?"

"நீயே வெச்சுக்கோ. எனக்கு இனிமே வேணாம்."

"ஏன் வேணாம்?"

"வேணாம்னா வேணாம். கத்தாம போ."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை உலுக்கியது.

*

பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒரு வண்ணப் படம் ஒட்டியிருந்தது. பல் தெரியச் சிரிக்கும் பிள்ளைகள். கீழே கொட்டை எழுத்தில் 'மனம்விட்டுப் பேசுங்கள்!'

யாரிடம்? எங்கே? வாலு படத்தின் மூலை முடுக்கெல்லாம் தேடினாள். அச்சகத்தின் பெயர்தான் இருந்தது.

ஆலோசனை அறை என்று ஒன்று உண்டு. கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். கால் உடைந்த நாற்காலிகள், சுருட்டி வைத்த வலை, காற்றிறங்கிய பந்துகள். கவுன்சலர் அம்மா எப்போதோ ஒரு நாள் வருவாராம். எந்த நாள் என்று பியூனுக்கும் தெரியவில்லை.

இடைவேளையில் தோழிகளைக் கேட்டுப் பார்த்தாள். "மனசு ரொம்ப சரியில்லன்னா நீங்கல்லாம் எங்கடி போவீங்க?"

"போர்வைக்குள்ள" என்றாள் ஒருத்தி.

"நான் போன் பாப்பேன்."

"என்னடி, லவ்வா?" என்று மூன்றாமவள் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். பக்கத்து பெஞ்சில் இருந்த கண்ணாடிக்காரி மட்டும் சிரிக்காமல் வாலுவை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

கால் உடைந்தால் எங்கே போவது, பல் வலித்தால் எங்கே போவது என்று அந்த வகுப்பில் கேட்டிருந்தால் முப்பது கை உயர்ந்திருக்கும்.

வகுப்பு டீச்சர் நல்லவர்தான். வாலு அவர் மேஜையருகே போய் நின்று, "மிஸ், ஒருத்தருக்கு மனசு சரியில்லன்னா..." என்று ஆரம்பித்ததுமே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"யாருக்கு? உனக்கா? நாளைக்கு அம்மாவைக் கூட்டிட்டு வா."

"எனக்கில்ல மிஸ். சும்மா கேட்டேன்."

பின்வாங்கி வந்துவிட்டாள். அண்ணன் இந்நேரம் அந்த பெஞ்சில் இருப்பான். இருப்பானா?

கடைசியாக ஒரே ஒரு இடம் ஞாபகம் வந்தது. அம்மா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி. அம்மா அங்கே டெலிபோன் ஆபரேட்டர். அந்த நம்பர் வாலுவுக்குத் தலைகீழ்ப் பாடம். அம்மாவுக்கு இன்றைக்கு மத்தியானம்தான் டியூட்டி. காலையில் போனை எடுப்பவர் எப்போதும் ஜலதோஷம் பிடித்த குரலில் பேசும் ஒரு மனிதர். அவருக்கு இவளைத் தெரியாது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், பைக்குள் ஒளித்து வைத்திருந்த போனை எடுத்தாள்.

பிள்ளைகள் கிளம்பிய பிறகு வீட்டுக்கு ஒரு அழைப்பு வந்ததும், ஜலதோஷக்காரருக்கு நிஜமாகவே காய்ச்சல் என்று அம்மா அவசரமாகப் புடவை மாற்றிக்கொண்டு ஓடியதும் அவளுக்குத் தெரிய வழியில்லை.

*

ஆஸ்பத்திரியின் எக்ஸ்சேஞ்ச் அறை, வாசலுக்குப் பக்கத்தில் படிக்கட்டின் அடியில் இருந்தது. இரண்டு பேர் எழுந்து நின்றால் மூன்றாமவர் வெளியே போக வேண்டும். விளக்குகள் மினுக்கும் பழைய போர்டு, காதில் மாட்டும் போன், ஒரு மின்விசிறி. கூப்பிடுபவரின் நம்பரை அந்த போர்டு காட்டாது.

அம்மாவின் டெலிபோன் குரல் வீட்டில் பெரிய வேடிக்கை. "உங்கம்மா ஊருக்குத் தேன், வீட்டுக்குத் தேள்" என்பார் அப்பா.

விளக்கு எரிந்தது. தேன் குரலில் எடுத்தாள்.

"வணக்கம், பொது மருத்துவமனை. சொல்லுங்க."

எதிர்முனையில் மூச்சு மட்டும் கேட்டது.

"சொல்லுங்க, யார் வேணும்?"

"வந்து... மனசு சரியில்லாம இருக்கிற பசங்களைக் காட்டணும்னா, அங்க எங்க வரணும்?"

அம்மாவின் விரல் போர்டின் மேல் அப்படியே நின்றது.

கடைத்தெருவின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்தக் குரலைக் கண்டுபிடிப்பாள் அவள். பெற்றவளுக்குத் தெரியாதா?

'வாலு' என்று வாய் வரை வந்தது. பல்லைக் கடித்து விழுங்கினாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போனை வைத்துவிடுவாள். வைத்துவிட்டால் பிறகு என்ன கேட்டாலும், "ஒண்ணுமில்லம்மா."

"பசங்கன்னா... என்ன வயசு இருக்கும்?" என்றாள். தேனில் சிறு நடுக்கம் கலந்துவிட்டது.

"பதினேழு."

வாலுவுக்குப் பதினைந்துதான். வயதைக் கூட்டிச் சொல்கிறாள் என்று அம்மா நினைத்தாள். என் பெண்ணுக்கு என்ன? எப்போதிலிருந்து? நேற்றுகூடச் சிரித்துப் பேசினாளே!

"வளரிளம் பருவத்துக்குன்னு தனிப் பிரிவே இருக்கு. துணி வெளுக்கிற கட்டடத்துக்குப் பின்னால, கீழ்த்தளம்."

"பெரியவங்க இல்லாம வரலாமா? வந்தா வீட்ல சொல்லிடுவாங்களா?"

இத்தனை வருடம் அம்மா எத்தனையோ அழைப்புகளை அந்தப் பிரிவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள். அங்கே என்ன நடக்கும் என்று ஒரு தடவையும் கேட்டதில்லை.

"கேட்டுச் சொல்றேன். லைன்லயே இருங்க. வெச்சிடாதீங்க, என்ன?"

வேறொரு பொத்தானை அழுத்தினாள். அந்தப் பிரிவின் நர்ஸ் எடுத்தாள்.

"சிஸ்டர், ஒரு பொண்ணு லைன்ல இருக்கு. வீட்ல சொல்லிடுவீங்களான்னு கேக்குது."

"யாரு வந்தாலும் முதல்ல தனியாத்தான் பேசுவோம்க்கா. பேசறது எங்களோட இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னு தோணினா மட்டும் வீட்ல சொல்லுவோம். அதையும் அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டுத்தான் செய்வோம். என்ன பிரச்சினைன்னு கேளுங்க."

அம்மா திரும்பி வந்தாள். லைனில் மூச்சு இன்னும் இருந்தது. நர்ஸ் சொன்னதைச் சொன்னாள். பிறகு, "என்ன பிரச்சினைன்னு சொல்ல முடியுமாம்மா?" என்றாள்.

"பள்ளிக்கூடத்துக்குப் போகாம பஸ் ஸ்டாண்ட்லயே உக்காந்திருக்கான். சரியா சாப்பிடறதில்ல. தூங்கறதில்ல, சுவத்துக்கு அந்தப் பக்கம் நடந்துக்கிட்டே இருக்கான். இன்னிக்குக் காலையில..." குரல் உடைந்தது. "இன்னிக்கு அவன் ஹெட்போனை எனக்குக் குடுத்துட்டான். இனிமே வேணாமாம்."

இருக்கான். குடுத்துட்டான்.

வாலு இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் படுப்பவன் ஒருவன்தான். விடிய விடிய விளக்கு எரிவதைப் பார்த்து, பிள்ளை விழுந்து விழுந்து படிக்கிறான் என்று அக்கம்பக்கத்தில் அவள் பெருமையடித்துக்கொண்டிருந்த பெரியவன்.

"ஒரு நிமிஷம்" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை.

நர்ஸ் விஷயத்தைக் கேட்டதும் பேச்சு வேகமானது. "ஆசையா வெச்சிருந்த பொருளைத் தூக்கிக் குடுக்கறானா? அப்ப நாளைக்கு வேணாம்க்கா. இன்னிக்கே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. அதுவரைக்கும் தனியா விட வேணாம். செத்துடலாம்னு தோணுதான்னு நேரடியா கேக்கச் சொல்லுங்க."

"அப்படிக் கேட்டா... நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிடாதா?"

"ஆகாது. கேட்டா பாரம் இறங்கும். பக்கத்துல பெரியவங்க யாராவது இருக்காங்களான்னு கேளுங்க."

அம்மா போர்டைப் பார்த்தாள். நாலைந்து விளக்குகள் ஒரே நேரத்தில் மினுக்கிக்கொண்டிருந்தன. எதையும் எடுக்கவில்லை.

"வாலு" என்றாள்.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் ஒலி.

"நீதான்னு தெரியும்மா. வணக்கம்னு சொன்னப்பவே தெரியும்" என்றாள் வாலு.

"அப்புறம் ஏண்டி வெக்கல?"

"நீயும் வெக்கலையே. அம்மாகிட்டன்னா சத்தியத்தை மீறின மாதிரி இருக்கும். ஆபரேட்டர்கிட்ட சொல்லலாம்னு தோணுச்சு. அம்மா, திட்டாதம்மா. அவனையும் திட்டாத."

"திட்டல. யாரையும் திட்டல. நீ டீச்சர்கிட்ட சொல்லிட்டு ஸ்கூல் வாசலுக்கு வா. நான் ஆட்டோவுல வர்றேன்."

*

சூப்பர்வைசர் கையைப் பிசைந்தார். "போர்டை யாரும்மா பாக்கறது?"

"நீங்க பாருங்க" என்று காதிலிருந்ததைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். "என் பையனுக்கு முடியல."

பஸ் ஸ்டாண்டில் அந்த பெஞ்சு காலியாக இருந்தது.

வாலு அதையே வெறித்தாள். "இங்கதாம்மா. இங்கதான் இருப்பான். தினமும் இங்கதான்."

அம்மா கழிப்பறைப் பக்கம் போனாள். டிக்கெட் கவுன்டரில் விசாரித்தாள். ஒல்லியா, உயரமா, தோளில் பை. ஒல்லியான உயரமான பையன்கள் அந்த ஊரில் எத்தனை பேர்! போன் அடித்தாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது ஒரு பெண் குரல், அவளுடையதைப் போலவே இனிமையாக. அந்தக் குரலை அறைய வேண்டும் போல் இருந்தது.

ஒவ்வொரு பஸ் கிளம்பும்போதும் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். பஸ்ஸின் முன்சக்கரங்களைப் பார்க்கும்போது மட்டும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அம்மா! அங்க!"

கடைசி மேடையில், பழுதாகி நிறுத்தியிருந்த ஒரு பஸ்ஸின் பின்சீட்டில் ஒரு தலை தெரிந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்திருந்தான்.

வாலு ஓடப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நீ படிக்கட்டுல உக்காரு."

பெரியவன் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து, பையை எடுத்து, திரும்ப உட்கார்ந்தான். அந்த பஸ்ஸில் ஓடுவதற்கு இன்னொரு வழி இல்லை.

"சொல்லிட்டாளா?"

"ஆமா. நல்ல வேளை சொன்னா."

பக்கத்தில் உட்கார்ந்தாள். சீட்டின் ரெக்சின் கிழிந்து பஞ்சு தெரிந்தது. அவன் அதைப் பிய்த்து உருட்டிக்கொண்டே இருந்தான். ஏன் போகவில்லை, என்ன ஆச்சு, யார் என்ன சொன்னார்கள் என்று நூறு கேள்விகள் நாக்கில் முட்டி மோதின. அத்தனையையும் ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் கேட்டாள்.

"செத்துடலாம்னு தோணுதாடா?"

அவன் விரல் நின்றது. அம்மா வாயிலிருந்து அந்தச் சொல் வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு பஸ் உறுமிக்கொண்டு வெளியேறியது.

"சில நேரம்" என்றான். "காலையில எந்திரிக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு. இன்னிக்கு ரொம்ப."

"என்ன செய்றதுன்னு ஏதாவது யோசிச்சு வெச்சிருக்கியா?"

"இல்லம்மா. அதுவரைக்கும் போகல. ஆனா போயிடுவேனோன்னு பயமா இருக்கு. அதான் இன்னிக்குப் பெஞ்சுல உக்காராம இங்க வந்துட்டேன். இது ஓடாத பஸ்."

அம்மா அவன் தலையை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவன் அப்படிச் சாய்ந்ததில்லை. கழுத்து எலும்பு குத்தியது. இவ்வளவு இளைத்திருக்கிறானா? தினமும் சோறு போடுகிற கைக்கு இது தெரியாமல் போயிற்றே!

"ஏண்டா என்கிட்ட சொல்லல?"

"எப்படிச் சொல்றதும்மா? காய்ச்சல்னா நூத்திரண்டுன்னு காட்டலாம். இதுல என்னத்தைக் காட்டறது? யார்கிட்ட போறதுன்னும் தெரியல. டாக்டர்கிட்ட போனா பைத்தியம்னு எழுதிடுவாங்கன்னு பசங்க சொல்றாங்க. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா அவ்வளவுதான்."

"யாரும் எதுவும் எழுத மாட்டாங்க. விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கேன். உன்னைத் தனியா வெச்சுப் பேசுவாங்களாம். இப்பவே போலாம். நான் கூட வர்றேன்."

"அப்பா?"

அம்மா எழுந்து அவன் கையைப் பிடித்தாள்.

"முதல்ல போலாம் வா" என்றாள்.

இறங்கும்போது படிக்கட்டில் வாலு முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணன் திட்டுவான் என்று தோளைக் குறுக்கினாள். அவன் குனிந்து அவள் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டான்.

"ஓட்டைவாய்" என்றான் மெல்ல.

"ஆமா. போ" என்றாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறின.

*

துணி வெளுக்கும் கட்டடத்தின் பின்பக்கத்துக்கு அம்மா அன்றுதான் முதல் தடவையாக வந்தாள். நீராவி வாசனை. ஒரு வேப்பமரம். மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சின்னக் கட்டடம். வெளியே மர பெஞ்சுகளில் நாலைந்து பிள்ளைகள். யாரும் கத்தவில்லை, யாரையும் கட்டிப் போடவில்லை. ஒருவன் கணக்குப் புத்தகம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

பெஞ்சின் ஓரத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். வாலு திடுக்கிட்டாள். காலையில் சிரிக்காதிருந்த அதே கண்ணாடிக்காரி. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"நீயா?"

"மாசா மாசம் வருவேன்" என்றாள் அவள் தாழ்ந்த குரலில். "நீ கேட்டப்பவே சொல்லியிருக்கணும். எல்லாரும் சிரிச்சாங்க, அதான்..."

"நான் சிரிக்கலடி."

"தெரியும்." பெரியவனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கிற டாக்டர் நல்லா பேசுவாங்க. பதில் சொல்லாம உக்காந்திருந்தாலும் அவசரப்படுத்த மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள்.

அப்போது அம்மாவின் போன் அடித்தது. அப்பா.

"என்ன நடக்குது அங்க? ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா, உன் சூப்பர்வைசர் எடுத்து 'பையனுக்கு முடியலைன்னு ஓடிட்டாங்க'ங்கறாரு! யாருக்கு முடியல? விழுந்துட்டானா?"

"விழல. நான் அப்புறம் சொல்றேங்க..."

"இப்ப சொல்லு!"

பெரியவன் கையை நீட்டினான். அம்மா தயங்கிவிட்டுப் போனைக் கொடுத்தாள்.

"அப்பா, நான்தான். மனநலப் பிரிவுல இருக்கேன். ரொம்ப நாளா முடியலப்பா. வகுப்புக்குப் போகல. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்."

மறுமுனையில் ஏதோ இரும்புச் சாமான் கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். லைன் கட்டாகிவிட்டது.

"கோபமா இருக்காரு" என்றான் பெரியவன், வெளிறிப்போய்.

கதவு திறந்தது. நரைத்த முடியை இழுத்துக் கட்டிய ஒரு டாக்டர் எட்டிப் பார்த்தார். "யார் முதல்ல பேசறீங்க?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அவள் எழப்போனாள்.

"நான் மட்டும் போறேம்மா."

கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து எதுவும் கேட்கவில்லை. அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். வாலு அவள் மடியில் தலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள், தூங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஸ்டாண்டு போடாமலே சாய்த்துவிட்டு அப்பா உள்ளே வந்தார். கன்னத்தில் கிரீஸ். ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்திருந்தார்.

அம்மா எழுந்து கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

"பேசிட்டிருக்கான். நடுவுல போகக் கூடாது. கத்தறதுன்னா என்கிட்ட கத்துங்க."

அவர் கத்தவில்லை. மூடிய கதவைப் பார்த்தார். அதன் மேலிருந்த பலகையை வாய்க்குள் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு, தாங்க ஆளில்லாதவர்போலப் பெஞ்சில் உட்கார்ந்தார். எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கும் அந்த வாய் துடித்துக்கொண்டிருந்தது.

"உயிரோட இருக்கான்ல?" என்றார்.

"ஐயோ, என்ன பேச்சு! இருக்கான். உள்ளதான் இருக்கான்."

"எங்கண்ணனும் இப்படித்தான். பள்ளிக்கூடம் போறேன்னு சொல்லிட்டு ஆத்தங்கரையில போய் உக்காந்திருப்பான். எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லாதன்னான். நான் சொல்லல."

வாலு மடியிலிருந்து தலையைத் தூக்கினாள்.

அவருடைய அண்ணன் படிக்கிற வயதில் காய்ச்சலில் போய்விட்டதாகத்தான் கல்யாணத்தின்போது அம்மாவிடம் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. ஒரு போட்டோகூடக் கிடையாது.

"அவருக்குக் காய்ச்சல்னு..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

அப்பா ஹெல்மெட்டை மெல்லக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மகளைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார்.

"காய்ச்சல் இல்ல" என்றார்.